கொழுப்பு கரையும்போது தசையும் கரையலாமா?

சென்னைக்குத் தென்மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் மணிமங்கலம் என்றோர் ஊர் இருக்கிறது. கி.பி. 642-ஆம் ஆண்டை ஒட்டி, வாதாபிச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்த களங்களுள் இதுவும் ஒன்று. கூரம் செப்பேடு இந்த ஊரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. வென்ற மன்னனின் மற்றொரு பெயர் மாமல்லன். 'பெரிய மற்போர் வீரன்' என்பது அதன் பொருள். உடல் வலிமையைப் பட்டப்பெயராகச் சூடிக்கொண்ட ஒருவன் வென்ற ஊர் அது!

இன்று அதே ஊர்ச் சாலையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆகிய இடங்களில் கார்களும் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் டயர்களும் கைப்பேசிகளும் செய்யப்படுகின்றன. அங்கே கனமான பாகங்களைப் பெரும்பாலும் பாரந்தூக்கிகளும் இயந்திரக் கைகளுமே தூக்குகின்றன. தொழிலாளி எட்டு மணி நேரம் நிற்கிறார். கைவிரல்கள் ஓயாமல் இயங்குகின்றன. ஆனால் அவருடைய தொடைக்கும் முதுகுக்கும் தோளுக்கும் அவருடைய பாட்டனார் ஏர் பிடித்தபோது கிடைத்த வேலை கிடைப்பதில்லை. பேருந்தில் அமர்ந்து போய், பேருந்தில் அமர்ந்தே திரும்புகிறார்.

உங்கள் அண்ணன் அப்படியொரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 25, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. வயிறு சற்று முன்னே வந்துவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் மருத்துவர் எச்சரித்திருக்கிறார். அண்ணன் ஒரு திட்டம் போடுகிறார்: "முதலில் சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, பத்துக் கிலோ இறக்கிவிடுகிறேன். அப்புறம்தான் ஜிம்முக்குப் போய்ப் பளு தூக்குவேன். கொழுப்பு இருக்கும்போதே தூக்கினால் அது அப்படியே இறுகிவிடுமாம்."

இந்தத் திட்டம் சரியா? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடலின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

முதலில் அந்த 'இறுகிவிடும்' கதையை முடித்துவிடுவோம். கொழுப்புச் செல் வேறு, தசைச் செல் வேறு. கொழுப்புச் செல் என்பது எண்ணெய்த் துளி ஒன்றைத் தாங்கும் மெல்லிய பை. தசைச் செல்லோ சுருங்கி விரியும் புரத இழைகளால் ஆன நீண்ட நார். பளு தூக்குவதால் முன்னது பின்னதாக மாறாது. தூக்குவதை நிறுத்தினால் பின்னது முன்னதாகவும் மாறாது. கொழுப்பு கெட்டிப்படுவதும் இல்லை. மேலே கொழுப்புப் படலம் இருக்க, அதன் அடியில் தசை சற்றுத் திரண்டால் தொட்டுப் பார்ப்பவருக்குக் கெட்டியாகத் தோன்றலாம். அவ்வளவே.

இரு மருத்துவர்களின் படம்

2004-ஆம் ஆண்டு, 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஒரே ஒரு பக்க அளவில் ஒரு விந்தையான குறிப்பு வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் புனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக். மற்றவர் இலண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். தங்கள் உடல்களையே அவர்கள் சோதனைப் பொருளாக்கிக்கொண்டார்கள்.

எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். இருவருக்கும் இந்த எண் 22.3. காகிதத்தில் இருவரும் இரட்டையர்! ஆனால் எக்ஸ் கதிர் கொண்டு உடலின் கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இருவரும் 65 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒருவர் உடலில் சுமார் 6 கிலோ கொழுப்பு, மற்றவர் உடலில் ஏறக்குறைய 14 கிலோ. அந்த 8 கிலோ வேறுபாட்டைத் தராசு காட்டவே இல்லை. யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கோ, காலையில் மருத்துவமனை மின்தூக்கியின் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பதே தம் முக்கியமான உடற்பயிற்சி என்று வேடிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார்.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். நம் நாட்டவர் பலருக்கு இதுதான் நிலை. கை கால்கள் மெலிந்திருக்கும், தசை குறைவு, ஆனால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். தாய் வயிற்றில் இருக்கும்போதே ஊட்டம் குறைவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது யாஜ்னிக்கின் கருத்து. உலக அளவில் உடல் நிறை எண் 25-ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்பார்கள். இந்தியர்களுக்கு மருத்துவர்கள் 23-லேயே கோடு கிழித்திருப்பதற்குக் காரணம் இதுவே. நம் அண்ணனின் எண் 27. (இந்தக் கணக்கு பெரியவர்களுக்கு மட்டுமே. வளரும் உங்களுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு.)

தசை குறைவாக இருப்பதால் என்ன கெட்டுவிடும்? தசை வெறும் பாரந்தூக்கி அன்று. உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறியதும், இன்சுலின் கதவைத் திறக்க, அந்தச் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் தசையே. களஞ்சியம் சிறியதாகவும் வேலை இல்லாமலும் இருந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே சுற்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னையின் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது. மருத்துவர் அண்ணனை எச்சரித்தது சும்மா இல்லை.

குதிரும் விட்டமும்

இப்போது அண்ணன் சாப்பாட்டைக் குறைக்கிறார். உடலுக்கு வரவு குறைந்து செலவு மிகுகிறது. பற்றாக்குறையை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

வீட்டில் குதிர் நிறைய நெல் இருக்கிறது, அதுதான் கொழுப்பு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. பத்து நாள் பட்டினி கிடந்தாலும் தாங்கும் சேமிப்பு பெரும்பாலோரிடம் உண்டு. அப்படியிருக்க உடல் நெல்லை மட்டும்தானே எடுக்க வேண்டும்? எடுப்பதில்லை. குதிரில் நெல் இருக்கும்போதே வீட்டு விட்டத்தையும் கொஞ்சம் செதுக்கி அடுப்பில் வைக்கிறது. அந்த விட்டம்தான் தசை.

ஏன் இந்தக் கோணல் புத்தி? மூளைக்கு வழக்கமான எரிபொருள் குளுக்கோஸ். கொழுப்பின் பெரும்பகுதியைக் குளுக்கோஸாக மாற்றும் வழி நம் உடலில் இல்லை. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களை மாற்றக் கல்லீரலுக்கு வழி தெரியும். அந்தப் புரதம் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் இடம் தசை. அது மட்டுமா? தசையின் புரதம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உடைந்து, கொஞ்சம் புதிதாகக் கட்டப்பட்டு வருவது. உணவு குறையும்போது கட்டுமானம் மந்தமாகிறது, உடைப்பு நிற்பதில்லை. பயன்படாத தசையை வைத்துக் காப்பாற்றுவது உடலுக்கு வீண் செலவு. கையில் கட்டுப் போட்டு ஆறு வாரம் கழித்துப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கை எப்படி இளைத்திருக்கும்!

ஆகவே வெறும் உணவுக் குறைப்பால் இறங்கும் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத பகுதி என்பது பொதுவான கணக்கு. குறைக்கும் விதத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். அண்ணன் பத்துக் கிலோ இறக்கினால், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அவர் இழக்க விரும்பாத சரக்கு. ஏற்கனவே தசை குறைவாக உள்ள நம்மவர்களுக்கு இது பெரிய நட்டம்.

1944-இலும் 1945-இலும் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். போரினால் பட்டினியில் வாடும் மக்களுக்கு எப்படி உணவளித்து மீட்பது என்று அறிவதே நோக்கம். தாமாக முன்வந்த அவர்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். வாரந்தோறும் சுமார் 35 கிலோமீட்டர் நடக்கவும் செய்தார்கள். உடல் எடையில் கால் பங்கு போயிற்று. நடை அவர்கள் தசையைக் காக்கவில்லை. கைப்பிடியின் வலிமைகூடத் தளர்ந்தது. கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம்தான். மீண்டும் உணவு கொடுத்தபோது கொழுப்பு விரைந்து திரும்பியது. தசை பின்தங்கியே வந்தது. பட்டினி கிடந்து இளைத்து, மறு ஆண்டே பழைய எடைக்கு வந்தவர்கள், "போன எடைதானே திரும்பியது" என்று நினைப்பார்கள். அதே எடைதான், அதே உடல் அன்று.

முதல் நாளிலிருந்தா, கடைசியிலா?

தசையைக் கரையவிடாமல் காக்க ஒரு வழி, அதற்கு வேலை கொடுப்பது. பளுவை எதிர்த்துத் தசை வலுவாகச் சுருங்கும்போது, 'இந்த விட்டம் தேவைப்படுகிறது, செதுக்காதே' என்னும் செய்தி அந்தச் செல்களுக்குள்ளேயே பிறக்கிறது. புரதக் கட்டுமானம் ஒன்றிரண்டு நாட்களுக்கு விரைவடைகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் 20 பேருக்கு 12 வாரம் நாளொன்றுக்கு 800 கலோரி நீர்ம உணவு மட்டுமே தரப்பட்டது. இது மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் செய்யத்தக்க கடுமையான குறைப்பு. பாதிப் பேர் நடை, மிதிவண்டி போன்ற பயிற்சிகளைச் செய்தார்கள். மறுபாதியினர் பளு தூக்கினார்கள். இரு சாராருக்கும் எடை இறங்கியது. முதல் சாராரின் உடலில் கொழுப்பல்லாத பகுதி சராசரி சுமார் 4 கிலோ குறைந்தது. பளு தூக்கியவர்களிடம் குறிப்பிடத்தக்க இழப்பே இல்லை! 2017-இல் பருமனான 160 முதியவர்களிடம் நடந்த ஆய்விலும் இதே போக்கு தெரிந்தது. பயிற்சி செய்த பிரிவினர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு எடை குறைந்தார்கள். நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் கொழுப்பல்லாத பகுதியில் 5 விழுக்காடும், பளுப் பயிற்சி செய்தவர்கள் 2 விழுக்காடும் இழந்தார்கள். நடப்பது வீண் என்று இதற்குப் பொருளில்லை. இதயத்துக்கு நடை வேண்டும். தசைக்குப் பளு வேண்டும்.

இப்போது அண்ணனின் திட்டத்தைத் திரும்பப் பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் பத்துக் கிலோ இறங்க ஐந்து மாதம் ஆகும். காவல் தேவைப்படுவது அந்த ஐந்து மாதத்தில்தான். அதை முடித்துவிட்டுப் பளுவிடம் போவது, திருடன் போன பிறகு காவலாளியை வைப்பது போன்றது. சாப்பாட்டைக் குறைக்கும் அன்றே பளுவையும் தொடங்குவதே முறை.

இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே தொடங்கினால் இன்னும் நல்லது என்பது என் கருத்து. காரணம் இதுதான். பளு தூக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் வலிமை மளமளவென்று கூடும். ஆனால் கையைச் சுற்றி அளந்தால் தசை அவ்வளவாகப் பருத்திராது. முதலில் தேறுவது நரம்பு மண்டலம் என்று மொரிடானி, டெவ்ரீஸ் என்ற இருவர் 1979-இல் காட்டினார்கள். மிதிவண்டி பழகுவது போலத்தான். எந்தத் தசை நார்களை, எத்தனையை, எந்த ஒழுங்கில் ஒருசேர இழுக்க வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடத்தை வயிறு நிறைந்திருக்கும்போது படித்து முடிப்பது எளிது.

'எனக்கு எடை அதிகம், மூட்டு வலிக்கிறது, நான் எப்படி?' என்பவர்களும் உண்டு. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் முதியோர் இல்லத்தைச் சேர்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வாரம் காலால் பளு தூக்கினார்கள். முடித்தவர்களின் வலிமை சராசரி 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறில் முடிந்தது இருபத்தைந்தில் முடியாதா? இதய நோயோ இரத்த அழுத்தமோ இருப்பவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

எந்தப் பளு?

பளு என்றதும் பளபளக்கும் இரும்புத் தட்டுகள் நினைவுக்கு வரும். அவை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. தென் மாவட்டத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் வலிமையை அறிய அதைத் தூக்கச் சொல்வார்களாம். அது தேர்வுக்கு ஏற்றது, பாடத்துக்கு ஏற்றதன்று. ஏனெனில் கல்லின் எடை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பயிற்சிக்கு வேண்டியது, இன்று தூக்குவதைவிட அடுத்த மாதம் சற்றுக் கூடுதலாகத் தூக்க வழி. பழைய மல்லர்களின் கர்லாக்கட்டைகள் சிறிதும் பெரிதுமாகப் பல எடையில் செய்யப்பட்டது அதற்காகவே.

எல்லாவற்றையும்விட எளிய பளு, உங்கள் உடல்தான். தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. 78 கிலோ அண்ணனுக்கு அது 50 கிலோவுக்கு மேல்! முதல் நாளே முடியாது. சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம், பிறகு மேசை விளிம்பு, பிறகு திண்ணை, கடைசியில் தரை. சாய்வு கூடக் கூடப் பளு கூடும். பஸ்கிக்கும் இதே வழி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, நாற்காலியை எடுத்துவிடலாம். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நடப்பதும் பயிற்சியே. கடைசி ஓரிரு முறை கடினமாக இருக்கும்படி, 8 முதல் 12 முறை, சற்று ஓய்வு, மீண்டும் ஒருமுறை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாள் தசைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இரவு முறை வேலை முடித்துத் தூங்காமல் வந்த அன்று விட்டுவிடலாம்.

தூக்கினால் மட்டும் போதாது. கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். அதுதான் புரதம். சாதாரணமாக உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 0.8 கிராம் போதும். உணவைக் குறைத்துப் பளுவும் தூக்குபவருக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. அண்ணன் செய்யும் தவறு, குழம்பிலிருந்த பருப்பையும் காய்கறியையும் குறைத்துவிட்டுச் சோற்றை அப்படியே வைத்துக்கொள்வது. குறைக்க வேண்டியது சோறு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு பெரிய தம்ளர் பாலில் 6 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் சுமார் 10 கிராம் புரதம் உண்டு. டப்பாவில் விற்கும் மாவுக்குச் சம்பளத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

தசை கூடினால் சும்மா இருக்கும்போதே கொழுப்பு எரிந்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 13 கலோரிதான். இரண்டரைக் கிலோ தசைக்கு ஓர் இட்லிகூடத் தேறாது. தசையின் மதிப்பு வலிமையிலும் சர்க்கரையை வாங்கி வைப்பதிலும் இருக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் 149 கிலோவும் 179 கிலோவும் தூக்கி, மொத்தம் 328 கிலோவுடன் தங்கம் வென்றார். 2018-இலும் தங்கம் வென்றார். நம் அண்ணனுக்கும் அவருக்கும் தராசில் ஒரு கிலோதான் வேறுபாடு! இத்தகைய வீரர்கள் தங்கள் பிரிவின் எடைக்குள் நிற்பதற்காக எடையைக் குறைக்க நேர்ந்தால், பளுவை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பதில்லை. தூக்கிக்கொண்டேதான் குறைப்பார்கள். தசை போனால் பதக்கம் போயிற்று.

உங்கள் பங்குக்கு ஓரிரு சொற்கள். பளு தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும், குள்ளமாகிவிடுவோம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். முறையாகக் கற்றுத்தருபவர் முன்னிலையில், இலேசான பளுவுடன் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அடிபடுவது, நண்பர்களிடம் வீரம் காட்ட ஒரே மூச்சில் பெரும்பளுவைத் தூக்குவதால்தான். பள்ளி வயதினர் வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. இது மாணவிகளுக்கும் பொருந்தும். பெண்கள் பளு தூக்கினால் ஆண்களைப் போலப் பருத்துவிடுவார்கள் என்பது வெறும் பயம். அதற்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அவர்களிடம் மிகக் குறைவு. ஆனால் வளரும் வயதில் நீங்களாகவே சாப்பாட்டைக் குறைத்து இளைக்க முயலாதீர்கள். எடை மிகுதி என்று தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அண்ணன் தொடங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் தராசில் இரண்டு கிலோ குறைந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரை செலவாகும்போது, அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் தண்ணீர் வெளியேறுகிறது. குறைந்ததில் பெரும்பகுதி அதுதான். புதிதாகப் பளு தூக்கி வலிக்கும் தசையில் நீர் சேர்ந்து, எடை சில நாள் கூடவும் கூடும். பலர் பயந்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். தையற்காரரின் அளவுநாடா ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வாரம் ஒரு முறை காலையில் வெறும் வயிற்றில் அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருப்பது நல்லது. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அன்று எடுத்த தண்டாலின் எண்ணிக்கையையும் எழுதி வரட்டும். முதல் எண் இறங்க, இரண்டாவது எண் ஏறினால், தராசு அன்று என்ன காட்டினாலும், கரைவது நெல்தான், விட்டம் இல்லை.